பயற்றங்காய்க்கும் கௌபிக்கும் தோட்டத்துக் கூட்டெரு: முதல் குவியலிலிருந்து வேர் பார்க்கும் நாள் வரை

கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடி தொடங்கித் திருக்கோவில் வரை கரையோரத்து வளவுகளில் ஒரு அடி தோண்டினால் வருவது பெரும்பாலும் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும், போட்ட பசளையும் அதனோடு சேர்ந்து இறங்கிவிடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் மேட்டு நிலங்களில் மண் கொஞ்சம் பாரமானது. ஆனால் வருடக்கணக்காக உழுது, வைக்கோலை எரித்து வந்ததால் அங்கும் உக்கல், அதாவது மண்ணில் கலந்த உக்கிய பொருள், குறைவு. இந்த இரண்டு மண்ணிலும் பயற்றங்காய், கௌபி, பயறு போன்ற அவரையினங்களை முதன்முதலாகக் கூட்டெருவோடு செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். போஞ்சியை இதில் சேர்க்கவில்லை. அது குளிர்ந்த இடத்துப் பயிர், நமது வெயிலில் பூவை உதிர்த்துவிடும்.

ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. கீழே சொல்லப்போகும் குவியலுக்கு 350 கிலோ பொருள் வேண்டும். உக்கி முடிந்தபின் கையில் மிஞ்சுவது 150 கிலோ அளவு. அதில் உள்ள மொத்த நைதரசன் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட, அதாவது மூன்று கிலோ யூரியாவில் இருப்பதற்குச் சற்றே கூட. அதிலும் இந்தப் போகத்துக்குள் பயிருக்குக் கிடைப்பது சிறு பங்குதான். யூரியாவுக்குப் பதிலாக நினைத்துக் கூட்டெருவைப் போடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்ட அந்தச் சில மாதங்களில் இந்த ஏமாற்றம் ஊரூராக நடந்தது.

அவரையினப் பயிருக்கு நைதரசனைக் காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்க வேரிலேயே பற்றீரியா இருக்கிறது. அந்தப் பற்றீரியாவுக்கு ஈரம், காற்று, சூடு தணிந்த மண், கொஞ்சம் பொசுபரசு ஆகியவை வேண்டும். கூட்டெரு இவற்றைக் கொடுக்கும். ஆகவே எவ்வளவு போட்டோம் என்பதைவிட நன்றாக உக்கிப் பழுத்ததைப் போட்டோமா, வேர் போகும் இடத்தில் போட்டோமா என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கும்.

மண்ணுக்குள் நடப்பது

வெறும் மணலில் உயிர்கள் குறைவாக இருப்பதற்கு முதற்காரணம் உணவில்லாமை, அடுத்தது சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் மணலில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டிலும் காய்ச்சலிலும் மேல்மண்ணின் பற்றீரியா பெருமளவில் அழிந்துவிடும். உக்கிய எரு மணலோடு கலந்ததும் மணிகளுக்கிடையே ஈரம் தங்கும். முதலில் பற்றீரியா பெருகும். பிறகு பங்கசு இழைகள் மணல் மணிகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்கும். பற்றீரியாவைத் தின்னும் ஒருகல உயிர்களும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்களும் அதன்பின் வரும். இவை தின்றுவிட்டுக் கழிக்கும் நைதரசன்தான் வேருக்குக் கிடைக்கும் நைதரசன். எருவிலிருந்து பயிருக்கு நேரே போவது மிகக் குறைவு.

இன்னொரு கூட்டாளியும் உண்டு. அவரையின வேருக்குள் நுழைந்து, வெளியே மண்ணிலும் இழை விரித்து, வேர் எட்டாத இடத்துப் பொசுபரசைக் கொண்டுவந்து கொடுக்கும் பங்கசு அது. பயற்றங்காய், கௌபி இரண்டும் இதை நன்றாகப் பயன்படுத்துபவை. அளவுக்கு மீறிப் பொசுபரசு உரம் கொட்டினாலும், மண்ணைத் திரும்பத் திரும்ப ஆழமாகக் கொத்தினாலும் இந்த இழைகள் குறைந்துவிடும்.

வேரைத் தாக்கி வீங்க வைக்கும் வட்டப்புழு மணல் நிலத்தில் பெரிய தொல்லை. கூட்டெரு அதை ஒழித்துவிடும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் உக்கல் கூடிய மண்ணில் அதைத் தின்னும் உயிர்களும் பிடிக்கும் பங்கசும் பெருகுவதால் சேதம் குறையும்.

நமது வெப்பத்தில் உக்கல் விரைவாக எரிந்து தீரும். ஒரு முறை நிறையப் போட்டுவிட்டு மூன்று வருடம் சும்மா இருப்பது இங்கே சரிவராது. கொஞ்சமாக இருந்தாலும் ஒவ்வொரு போகமும் போட வேண்டும்.

எப்போது தொடங்குவது

ஒக்டோபர் மழையோடு விதைக்க நினைத்தால் குவியலை யூலை முதல் வாரத்துக்குள் அடுக்கிவிட வேண்டும். உக்க 10 முதல் 12 வாரம் போகும், ஆறவைக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும். வைக்கோல் பெரும்போக அறுவடைக்குப் பிறகு, பெப்ரவரி மார்ச்சில், வட்டையில் (வயல்வெளியில்) தாராளமாகக் கிடக்கும். வெட்டு மெசின் போட்டுவிட்டுப் போகும் வரிசையை எரிப்பதற்கு முன் அள்ளி, மேட்டில் குவித்துப் படங்கால் மூடி வைத்தால் யூலைக்கு உதவும். எரித்தால் சாம்பலில் பொற்றாசியம் போன்ற தாதுக்கள் மட்டும் மிஞ்சும், காபனும் நைதரசனும் புகையாகப் போய்விடும்.

பெரும்போக நெல் அறுத்த கையோடு வயலில் எஞ்சிய ஈரத்தில் பயறு போடுகிறவர்களுக்கு எரு மார்ச்சில் வேண்டும். அப்படியானால் குவியலை நவம்பர் கடைசியில் அடுக்க வேண்டும். அது மழைக் காலம் என்பதால் கூரையோ படங்கோ இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள்.

பொருட்களும் அளவும்

ஒரு குவியலுக்கு:

- காய்ந்த வைக்கோல் 100 கிலோ
- புதிய மாட்டுச் சாணம் 150 கிலோ
- கிளிரிசீடியா இலையும் இளந்தண்டும் 100 கிலோ
- எப்பாவல றொக் பொஸ்பேற் (பொசுபரசு உள்ள பாறைத் தூள்) 5 கிலோ, கிடைத்தால்
- நிழலில் இருக்கும் நல்ல மேல்மண் அல்லது பழைய கூட்டெரு இரண்டு வாளி

இந்த அளவில் காபனும் நைதரசனும் ஏறக்குறைய 30க்கு 1 என்ற விகிதத்தில் வரும். உக்க வைக்கும் பற்றீரியாவுக்கு அதுதான் ஏற்றது. வைக்கோல் தனியே 60க்கு மேல் இருக்கும், சாணம் 20 அளவு, கிளிரிசீடியா 12 அளவு. கிளிரிசீடியா வேலியில் இல்லையென்றால் இபில் இபில் இலை அதே அளவில் போதும்.

சாணம் கிடைக்காமல் கோழியெருதான் கையில் இருக்கிறதென்றால் 100 கிலோ வைக்கோலுக்கு 50 கிலோ போதும், கிளிரிசீடியா வேண்டாம். தண்ணீர் மட்டும் 150 லீற்றர் வரை கூடுதலாகப் பிடிக்கும். 50 கிலோவுக்கு மேல் போனால் நைதரசன் அமோனியாவாகப் பறக்கும், உப்பும் கூடும். பயறும் பயற்றங்காயும் உப்பைத் தாங்கும் பயிர்கள் அல்ல.

ஆற்றுவாழையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். குளங்களிலும் வாய்க்கால்களிலும் சும்மா கிடைப்பதால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ அள்ளினால் உலர்ந்த பொருள் 10 கிலோவும் தேறாது. பச்சையாக அடுக்கினால் குவியல் சேறாகி நாறும். கரையில் மூன்று நாள் வாட விட்டு, வேரில் ஒட்டிய சேற்றைத் தட்டி, வைக்கோலோடு கலந்து போடலாம். வாவியின் உவர் ஏறும் பக்கத்தில் அள்ளியதென்றால் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். பூத்து விதைத்தவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நெல் உமியைக் குவியலில் நிறையச் சேர்க்க வேண்டாம். அதில் சிலிக்கா அதிகம், ஒரு வருடம் ஆனாலும் உமி உமியாகவே கிடக்கும். உமியைக் கரியாகச் சுட்டு, முடிந்த எருவோடு பத்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்தால் மணலில் ஈரம் பிடிக்க உதவும். அடுப்புச் சாம்பலைச் சாணத்தோடு ஒரே நேரத்தில் போடக் கூடாது. சாம்பலின் காரம் பட்டவுடன் அமோனியா பறந்துவிடும். மூக்கிலே அந்த வாசம் அடித்தால் நைதரசன் போகிறது என்று அறியலாம். சாம்பல் போட விரும்பினால் கடைசிக் கிளறலின்போது ஒரு வாளி போதும்.

இறைச்சி, மீன் கழிவு, எண்ணெய்ச் சோறு வேண்டாம். நாய், எலி, இலையான் எல்லாம் வந்துசேரும்.

அடுக்கும் முறை

இடம் மேடாக, நிழலாக, துரவிலிருந்தோ கிணற்றிலிருந்தோ குறைந்தது 15 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் இந்தத் தூரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. 5 அடிக்கு 5 அடி அளந்து நான்கு மூலையிலும் கம்பு நடுங்கள். கிடங்கு வெட்டி அதற்குள் நிரப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நமது மாரி மழைக்கு அது கூடாது, கிடங்கில் தண்ணீர் நின்று எல்லாம் அழுகிவிடும்.

வைக்கோலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் கொள்ளுங்கள். நீள வைக்கோல் பாய் மாதிரிப் படிந்து காற்றை அடைத்துவிடும். முதல் நாள் மாலையே வெட்டிய வைக்கோலைத் தண்ணீர் தெளித்துப் புரட்டி ஊற விட வேண்டும். காய்ந்த வைக்கோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அடுக்கியபின் ஊற்றும் தண்ணீர் வழிந்துதான் போகும்.

அடியில் தென்னை மட்டையோ மரக்கிளையோ அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். அதன் வழியாகத்தான் அடிக்காற்று நுழையும். அதற்கு மேல் வைக்கோல் 8 அங்குலம், கிளிரிசீடியா 3 அங்குலம், தண்ணீரில் கரைத்த சாணம் ஒரு பூச்சு, றொக் பொஸ்பேற் தூவல், மண் தூவல். இப்படியே 4 அடி உயரம் வரை. மிதித்து இறுக்க வேண்டாம். 3 அடிக்குக் குறைந்த குவியல் சூடேறாது, 5 அடிக்கு மேல் போனால் நடுவில் காற்று போகாது.

ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். குவியலின் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. கச்சான் காற்றில் வெளிப்பக்கம் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஆகவே பக்கங்களிலும் மேலும் கிடுகு சாத்தி மூடுங்கள். மழைக்காலத்தில் மேலே படங்கு, பக்கம் திறந்திருக்க வேண்டும். படங்கால் முழுவதும் சுற்றிக் கட்டினால் காற்று நின்றுவிடும்.

சூடும் கிளறலும்

குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து தினமும் காலையில் அதை உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாமல் சுட்டால் உள்ளே 55 பாகைக்கு மேல் இருக்கிறது. அந்தச் சூடு மூன்று நாளாவது நிற்க வேண்டும். புல் விதையும் வேரழுகல் பங்கசும் சாவது அதில்தான். இளஞ்சூடாக மட்டும் இருந்தால் சாணமோ பச்சை இலையோ போதவில்லை, அல்லது வைக்கோல் ஊறவில்லை. 70 பாகையைத் தாண்டினால் நல்ல உயிர்களும் செத்துப் போகும். வெப்பமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கம்பியே போதும்.

சூடு ஏறி இறங்கத் தொடங்கியதும், வழக்கமாக ஏழாம் எட்டாம் நாளில், முதற் கிளறல். வெளிப்பக்கம் இருந்தது உள்ளே போக வேண்டும், உள்ளே இருந்தது வெளியே வர வேண்டும். வெளிப்பக்கம் ஒருபோதும் சூடேறாது. அதைச் சும்மா புரட்டிவிட்டு அதே இடத்தில் போட்டால் புல் விதை உயிரோடு தோட்டத்துக்கு வரும். பிறகு 10 நாளுக்கொரு முறையாக மூன்று நான்கு கிளறல். ஒவ்வொரு முறையும் பிழிந்து பார்த்துத் தண்ணீர் தெளியுங்கள்.

கிளறும்போது பெருவிரல் தடிப்பில், வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழுக்கள் வந்தால் அவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கும். கரையோரத்துத் தென்னைகளுக்கு இது பெரிய ஆபத்து. எருக்குவியல்தான் அந்த வண்டு முட்டையிடும் இடம். ஒன்றையும் விடாமல் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். கிளறாமல் ஆறு மாதம் போட்டு வைத்த குவியல் வண்டுப் பண்ணையாகிவிடும். அடுத்த வளவுக்காரருடைய தென்னையும் சேர்ந்து கெடும்.

வேறு சில குறிகள்: அழுகிய முட்டை வாசம் வந்தால் தண்ணீர் அதிகம், காற்றில்லை. பிரித்துக் கொட்டி, காய்ந்த வைக்கோல் கலந்து மறுபடி அடுக்க வேண்டும். எறும்பும் கறையானும் குடியேறினால் காய்ந்துவிட்டது. உள்ளே சாம்பல் பூத்தாற்போல் வெள்ளையாகத் தெரிந்து, தொட்டால் தூள் பறந்தால் அதுவும் காய்ச்சல்தான், உடனே நனைத்துக் கிளற வேண்டும். மழைத்தண்ணீர் குவியலூடாக ஓடி அடியில் தேநீர் நிறத்தில் வழிந்தால் பொற்றாசியமும் நைதரேற்றும் கழுவுப்பட்டுப் போகின்றன. அதைத் தடுக்க மேல்மூடியைத் தவிர வேறு வழியில்லை.

பழுத்துவிட்டதா?

இந்த இடத்தில்தான் அவசரம் கூடாது. பாதி உக்கிய எருவை மண்ணில் போட்டால் உக்க வைக்கும் பற்றீரியா தன் தேவைக்கு மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும். வேரில் முடிச்சு இன்னும் உருவாகாத இளம் பயிர் விதைத்த இரண்டாம் வாரத்திலேயே மஞ்சளாகி நின்றுவிடும். அதோடு பாதி உக்கிய பொருளில் கழுத்தழுகல் பங்கசு நன்றாக வளரும். தண்டின் அடியில் வெள்ளை நூலும், கடுகு போன்ற மண்ணிற உருண்டைகளும் தெரிந்தால் அது வந்துவிட்டது.

நிறம் கருமை, வாசம் மழை பட்ட மண், வைக்கோலை இழுத்தால் நார் நாராக அறுந்து வரும், கிளறிவிட்டாலும் மறுபடி சூடேறாது. இவை நான்கும் இருந்தால் முளைப்புச் சோதனைக்குப் போகலாம்.

வெறும் தயிர்ச்சட்டி இரண்டு எடுத்து அடியில் துளை போடுங்கள். ஒன்றில் கழுவிய மணல் மட்டும், மற்றதில் பாதி மணலும் பாதி எருவும். இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு விதை ஊன்றி, ஒரே அளவு தண்ணீர் தெளித்து, நிழலில் வையுங்கள். ஏழாம் நாள் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். எருச்சட்டியில் எட்டாவது முளைத்து, வேர் வெள்ளையாக நீண்டு, பக்கவேர் விட்டிருந்தால் எரு பழுத்துவிட்டது. வேர்நுனி கபில நிறமாகி மொட்டையாக நின்றால் இன்னும் மூன்று வாரம் விட வேண்டும். மணற்சட்டியில் நன்றாக முளைத்து எருச்சட்டியில் இரண்டு மூன்றே முளைத்தால் பழுக்காமல் இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். எருவை ஒரு மழையில் நனையவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். அதன்பின் முளைப்புக் கூடினால் காரணம் உப்பு.

பழுத்த எருவை வெயிலில் காய வைக்க வேண்டாம். காய்ந்தால் பாரம் குறைந்து தூக்க இலகுவாக இருக்கும், ஆனால் நீங்கள் மூன்று மாதம் வளர்த்த உயிர்களில் பெரும்பங்கு செத்துவிடும். உரப்பையில் கட்டாமல் நிழலில் குவித்து, சாக்கு மூடி, சற்று ஈரமாக வைத்திருங்கள்.

நிலத்தில் போடுவது

150 கிலோவைத் தோட்டம் முழுக்க வீசினால் எங்கே போட்டோம் என்றே தெரியாது. குழியிலும் சாலிலும் போடுங்கள்.

கொடிப் பயற்றங்காய்க்கு வரிசைக்கு வரிசை 3 அடி, குழிக்குக் குழி 1 அடி. ஒவ்வொரு குழியும் ஒரு சாண் அகலம், அரை அடி ஆழம். குழிக்கு 250 கிராம் எரு, அதாவது இரண்டு சிரட்டை. அதைக் குழி மண்ணோடு நன்றாகக் கலந்து, தண்ணீர் விட்டு, மூன்று நாள் கழித்து ஒரு அங்குல ஆழத்தில் இரண்டு விதை போடுங்கள். எரு மட்டும் ஒரு படையாக அடியில் இருக்கக் கூடாது, வேர் அதற்குள்ளேயே சுற்றி நின்றுவிடும். இந்தக் கணக்கில் ஒரு குவியல் 600 குழிக்கு, சுமார் 6 பேர்ச் நிலத்துக்குக் காணும். கால் ஏக்கர் செய்ய ஆறேழு குவியல் வேண்டும். புதியவர்கள் முதல் போகத்தில் 6 பேர்ச்சோடு நிற்பது புத்திசாலித்தனம்.

கௌபிக்கு 30 சென்ரிமீற்றருக்கு 15, பயறுக்கு 30க்கு 10 என்ற இடைவெளி. இவற்றுக்குச் சால் இழுத்து, 10 அடிச் சாலுக்கு ஒரு கிலோ எரு தூவி, மண்ணோடு கிளறிவிட்டு விதையுங்கள்.

பாரமான மண்ணில் நவம்பர், டிசம்பர் மழையை நினைத்து மேட்டுப் பாத்தி போடுவது கட்டாயம். வேர்முடிச்சுக்கு ஒட்சிசன் வேண்டும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலே முடிச்சு செத்துப்போகும், பயிர் மஞ்சளாகும். அதைக் கண்டு யூரியா போடுகிறவர்கள் உண்டு. வடிகால் வெட்டுவதுதான் அதற்கு மருந்து.

முளைத்து ஒரு சாண் வந்ததும் காய்ந்த வைக்கோலை இரண்டு அங்குலத் தடிப்பில் மூடாக்காகப் போடுங்கள். தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே இருக்கட்டும். தண்டோடு ஒட்டிப் போட்டால் முன்பு சொன்ன கழுத்தழுகலுக்கு வழி திறக்கும். மணலின் சூட்டைத் தணிக்க மூடாக்கு அவசியம். அது இல்லாமல் போட்ட கூட்டெருவின் பயனில் பாதி வெயிலுக்குப் போய்விடும்.

கூட்டெரு போட்ட பயிருக்குப் பூக்கும் முன் யூரியா மேலுரமாகக் கொடுக்க வேண்டாம். பச்சைக் கோழியெருவும் வேண்டாம். மண்ணில் நைதரசன் இலகுவாகக் கிடைத்தால் பயிர் முடிச்சு வைக்காது. கொடி தளதளவென்று ஏறும், இலை கரும்பச்சையாக இருக்கும், கறுப்பு அழுக்கணவன் இளந்தளிரில் மொய்க்கும், காயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வேரைப் பாருங்கள்

விதைத்து 25 முதல் 30 நாளுக்குள், பூ வருவதற்குச் சற்று முன், மூன்று நான்கு செடிகளைத் தியாகம் செய்யுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் தள்ளிச் சுற்றிவர வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலையுங்கள்.

வேரின் பக்கத்தில் மிளகளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இரத்தம் போலச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கும்போது ஒட்சிசனைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தின் நிறம் அது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது பயனில்லாத வகைப் பற்றீரியா குடியேறியிருக்கிறது. பச்சையோ கபிலமோ என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. தண்டுக்குக் கிட்ட, தலைமை வேரில் கொத்தாக இருந்தால் மிக நல்லது.

வட்டப்புழு வீக்கத்தை வேர்முடிச்சு என்று நினைத்து மகிழ்ந்துவிடக் கூடாது. முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் கழன்று விழும். வட்டப்புழு வீக்கம் வேரே தடித்துப் புடைத்தது, கழற்ற முடியாது, வேரை அறுத்தால்தான் வரும். வீக்கம் நிறைய இருந்தால் அந்த இடத்தில் அடுத்த போகம் அவரையினமும் கத்தரி, தக்காளியும் வேண்டாம். சோளம் போட்டு, எருவைக் கூட்டுங்கள்.

முடிச்சே இல்லையென்றால் காரணத்தை வரிசையாகத் தேடுங்கள்: யூரியாவோ கோழியெருவோ கூடியதா, மண் காய்ந்ததா, தண்ணீர் நின்றதா, மண் மிகவும் புளிப்பா. இவை ஒன்றும் இல்லை, இதற்கு முன் அவரையினமே போடாத நிலம் என்றால், கௌபி நன்றாக விளைந்த, வேர்வீக்கமும் வாடல் நோயும் இல்லாத தோட்டத்திலிருந்து ஒரு வாளி மேல்மண் கொண்டுவந்து சால்களில் தூவலாம். கௌபி, பயறு, பயற்றங்காய் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே கூட்டப் பற்றீரியாதான், நமது மண்ணில் பொதுவாக அது இருக்கும். சோயாவுக்கு மட்டும் வேறு வகை வேண்டும், அதற்கு இந்த மண் உதவாது. மண் புளிப்பைப் பற்றிச் சந்தேகம் என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனைக்கு வழி கேளுங்கள்.

மண்ணின் உயிரைச் சோதிக்க மலிவான வழியும் ஒன்று உண்டு. பழைய வெள்ளைப் பருத்திச் சாரத்திலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டு கிழித்து, ஒன்றை எரு போட்ட வரிசையிலும் ஒன்றை எரு போடாத வரிசையிலும் நான்கு அங்குல ஆழத்தில் புதையுங்கள். ஆறு வாரம் கழித்துத் தோண்டி எடுங்கள். உயிருள்ள மண்ணில் துணி ஓட்டை ஓட்டையாகி விளிம்பு மட்டும் வரும். மற்றது சேறு பட்ட துணியாகவே இருக்கும். பொலியெஸ்ரர் கலந்த துணியை எடுத்துவிடாதீர்கள், அது எந்த மண்ணிலும் உக்காது. மண்புழுவை எண்ணுவது படுவான்கரை மண்ணுக்குச் சரி, கரையோர மணலில் அது குறைவாகவே இருக்கும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இதற்காகவே ஒவ்வொரு போகமும் இரண்டு வரிசையை எருவில்லாமல் விட்டு வையுங்கள். காய் பறிக்கும்போது அந்த வரிசையைத் தனியே நிறுத்து எழுதுங்கள். முதல் போகத்தில் வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்கும். மழை பத்து நாள் தவறும்போது எந்த வரிசை முதலில் வாடுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். மணல் நிலத்தில் கூட்டெருவின் பலன் முதலில் தெரிவது அங்கேதான்.

பறித்து முடிந்தபின்

காய்ந்த செடியை வேரோடு பிடுங்காமல் நிலமட்டத்தில் அரிவாளால் வெட்டுங்கள். வேரும் முடிச்சும் மண்ணுக்குள்ளேயே உக்கி அடுத்த பயிருக்கு நைதரசன் கொடுக்கும், வேர் போன வழியெல்லாம் தண்ணீரும் காற்றும் போகும். வெட்டிய கொடி நல்ல பசுமையாக இருந்தால் அடுத்த குவியலில் கிளிரிசீடியாவுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். கழுத்தழுகல், வேர்வீக்கம், இலை மஞ்சட் சித்திர நோய் கண்ட செடிகளை மட்டும் வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். குவியலின் ஓரத்தில் சூடு படாமல் கிடந்தால் கழுத்தழுகல் பங்கசின் அந்தக் கடுகு உருண்டைகள் அடுத்த மாரிக்கு முளைக்கக் காத்திருக்கும்.